குளிரே இல்லாமல் பல் தந்தியடித்தபோது

பேரன் என் மடியில் உட்கார்ந்திருந்தான். ஒரு கதை முடிந்துவிட்டது. அடுத்த கதையை யோசித்தபடி பேசாமல் இருந்தேன். என் முகத்தையே உற்றுப் பார்த்தவன், "பாட்டி, வாயில என்ன மெல்லுற? எனக்கும் தா" என்றான். என் வாயில் ஒன்றுமே இல்லை. மோவாயைத் தொட்டுப் பார்த்தேன். விரலுக்கு அடியில் அது தன்பாட்டுக்குத் துடித்துக்கொண்டிருந்தது.

எனக்குப் பார்க்கின்சன் நோய் என்று உறுதியாகி அப்போது மூன்று வருடம் ஆகியிருந்தது. வலது கை நடுக்கம் பழகிவிட்டது. கையை மடியில் வைத்து இன்னொரு கையால் மூடிக்கொள்வேன், இல்லாவிட்டால் ஒரு பையைப் பிடித்துக்கொள்வேன். முகத்தை எங்கே கொண்டுபோய் வைப்பது? எதிரே இருப்பவர் முதலில் பார்ப்பதே அதைத்தானே.

சில வாரங்களில் துடிப்பு மோவாயைத் தாண்டிவிட்டது. கீழ்த்தாடை முழுவதும் மேலும் கீழுமாக ஆடத் தொடங்கியது. பற்கள் ஒன்றோடொன்று தட்டும். குளிரில் பல் தந்தியடிக்கும் என்பார்களே, அதே சத்தம், நல்ல வெயில் நேரத்தில். பக்கத்தில் இருப்பவர்களுக்கு லேசாகத்தான் கேட்கும். எனக்கு மண்டைக்குள்ளேயே கேட்கும். "குளிருதா, ஃபேனை நிறுத்தவா?" என்று கேட்டவர்களிடம் என்ன சொல்வது என்று தெரியாமல் தலையாட்டியிருக்கிறேன். தாங்கள் சொல்வதை நான் கேட்டுக்கொண்டிருந்தபோது, ஆடும் தாடையைப் பார்த்து நான் அழப்போகிறேன் என்று நினைத்துப் பேச்சை மாற்றியவர்களும் உண்டு.

இரண்டு வருடத்துக்கு மேலாக இந்தத் தாடை நடுக்கத்துக்கு வைத்தியம் பார்த்து வருகிறேன். சிலது உதவியது, சிலது கெடுத்தது. கை நடுக்கத்தைப் பற்றிப் பேசுகிறவர்கள் நிறைய. தாடையைப் பற்றிப் பேசுகிறவர்கள் கொஞ்சம்தான். அதனால்தான் எழுதுகிறேன். நான் மருத்துவர் இல்லை. கீழே வரும் மருந்துகள் எல்லாம் என் மருத்துவர் என் உடம்பைப் பார்த்துக் கொடுத்தவை, அல்லது கொடுக்க மறுத்தவை.

முதலில் நானே ஒரு வழி கண்டுபிடித்தேன். பல்லைக் கடித்துக்கொள்வது. இறுக்கிக் கடித்தால் நடுக்கம் நின்றுவிடும். பஸ்ஸில், விசேஷங்களில், யாராவது வீட்டுக்கு வந்தால், எல்லா இடத்திலும் கடித்துக்கொண்டே இருந்தேன். ஐந்தாறு மாதம் அப்படி ஓடியது. காதுக்கு முன்னால் தாடை சேரும் மூட்டில் வலி வந்தது, நெற்றிப்பொட்டில் தலைவலி வந்தது, காலையில் வாயைத் திறக்கவே கஷ்டமாக இருந்தது. கடைசியில் ஒரு கடைவாய்ப் பல்லின் ஓரம் உடைந்து கையில் வந்தது. இப்போது யார் கேட்டாலும் முதலில் இதைத்தான் சொல்கிறேன்: கடிக்காதீர்கள். உதடு மூடியிருக்கட்டும், மேல்பல்லும் கீழ்ப்பல்லும் தொடாமல் சற்று விலகியிருக்கட்டும், நாக்கின் நுனி மேல்பல்லுக்குப் பின்னால் அண்ணத்தில் லேசாகப் படிந்திருக்கட்டும். நடுக்கம் இதனால் நின்றுவிடாது. ஆனால் பல் தட்டுவது குறையும், மூட்டுக்கும் ஓய்வு கிடைக்கும்.

பல் உடைந்த பிறகுதான் நரம்பியல் மருத்துவரிடம் வாய் திறந்தேன். "தாடை ஆடுது டாக்டர், இதுக்கு ஒரு மருந்து குடுங்க" என்றேன். அவர் மருந்துச் சீட்டைத் தொடவே இல்லை. "எப்ப ஆடுது? சும்மா இருக்கும்போதா, பேசும்போதா? சாப்பிடும்போது என்ன ஆகுது? மாத்திரை போட்ட பிறகு குறையுதா, கூடுதா?" ஒன்றுக்கும் என்னிடம் பதில் இல்லை. மாதக்கணக்கில் அந்த நடுக்கத்தோடு இருந்திருக்கிறேன். எப்படி மறைப்பது என்று யோசித்தேனே தவிர, எப்போது வருகிறது என்று பார்க்கவில்லை.

அவர் என்னை நாற்காலியில் உட்காரவைத்து, கைகளைத் தொடைமேல் வைக்கச் சொன்னார். "நூறிலிருந்து ஏழு ஏழா மனசுக்குள்ளயே கழிச்சுக்கிட்டு வாங்க. வாய்விட்டுச் சொல்ல வேண்டாம்." 93, 86, 79... 72க்கு வரும்போது தாடை படபடவென்று அடித்தது, கையும் கூடவே. "இப்ப சத்தமா சொல்லுங்க." 65 என்று சொல்ல வாயெடுத்ததும் நின்றுவிட்டது. "வாயை அகலமாத் திறங்க." அப்போதும் இல்லை. திறந்த வாயை அப்படியே வைத்திருந்தபோது கொஞ்ச நேரத்தில் மெல்லத் திரும்பி வந்தது.

அந்த இரண்டு நிமிடத்தில் அவருக்கு வேண்டியது கிடைத்துவிட்டது. பார்க்கின்சனின் தாடை நடுக்கம் பெரும்பாலும் தாடை ஓய்வாக இருக்கும்போது வரும். நொடிக்கு 4 முதல் 6 தடவை ஒரே தாளத்தில் ஆடும். பேசினாலும் மென்றாலும் அடங்கும். மனம் பதறினாலும் கணக்குப் போட்டாலும் கூடும். தூங்கினால் காணாமல் போகும். பேசும்போதுதான் அதிகமாக ஆடுகிறது, தலையும் சேர்ந்து ஆடுகிறது, குரலும் நடுங்குகிறது என்றால் அது வேறு வகை நடுக்கமாக இருக்கலாம், அதற்கான மருந்தும் வேறு. மனநோய்க்குக் கொடுக்கும் சில மருந்துகளாலும் உதட்டைச் சுற்றி, முயல் வாயை அசைப்பதுபோல வேகமான துடிப்பு வருவதுண்டு. அதனால்தான் நான் சாப்பிடும் எல்லா மாத்திரைகளையும், சத்து மாத்திரை உள்பட, அட்டையோடு கொண்டுவரச் சொன்னார். தலைசுற்றலுக்குக் கொடுக்கும் சின்னாரிசின், ஒற்றைத் தலைவலிக்குக் கொடுக்கும் ஃப்ளூனாரிசின் போன்றவைகூடப் பார்க்கின்சன் அறிகுறிகளைக் கூட்டக்கூடியவை என்று அன்றுதான் தெரிந்துகொண்டேன்.

இரண்டு வாரம் நேரம் குறித்துக்கொண்டு வரச் சொல்லி அனுப்பினார். ஒரு சாதாரண நோட்டு வாங்கினேன். மாத்திரை போட்ட நேரம், சாப்பிட்ட நேரம், தாடை ஆடத் தொடங்கிய நேரம், நின்ற நேரம். அவ்வளவுதான். கூடவே என் கணவர் தினமும் ஃபோனில் வீடியோ படம் எடுத்தார். ஒரு நிமிடம் நான் பேசாமல் இருப்பது, அரை நிமிடம் பேசுவது, பத்து நொடி வாயைத் திறந்து வைப்பது. மாத்திரை போட்டு எவ்வளவு நேரம் ஆகிறது என்பதை அவர் தன் குரலிலேயே ஆரம்பத்தில் சொல்லிவிடுவார். "பல் தட்டுற சத்தம் கேக்கணும்னா இன்னும் பக்கத்துல வந்து எடுங்க" என்பேன். அவர் வருவார். முதல் நாள் அந்தப் படத்தைப் பார்த்தபோது எனக்கு அழுகை வந்துவிட்டது. என் முகம் அப்படி இருக்கும் என்று நான் நினைத்ததே இல்லை. மூன்றாம் நாளிலிருந்து அது எனக்கு ஒரு கணக்காக மாறிவிட்டது.

நோட்டில் விஷயம் தெளிவாகத் தெரிந்தது. காலை 8 மணிக்குச் சாப்பாட்டோடு சேர்த்து, பார்க்கின்சனுக்கு முக்கிய மருந்தான லெவோடோபா மாத்திரை. ஆனால் 10 மணி வரை தாடை ஓயவில்லை. மதிய மாத்திரை 2 மணிக்கு; 12 மணியிலிருந்தே பல் தட்டுகிறது. இரவு மாத்திரை 8 மணிக்கு. மாலை 6லிருந்து 8 வரை மோசமோ மோசம். அதாவது மருந்தின் பலன் இன்னும் ஏறாத, அல்லது இறங்கும் நேரமெல்லாம் தாடை ஆடும் நேரம். லெவோடோபா உடம்பில் அதிக நேரம் தங்குவதில்லை. அதை நீடிக்கவைக்கும் கார்பிடோபா என்ற துணை மருந்தோடு சேர்த்துக் கொடுத்தாலும் ஒன்றரை மணி நேரத்தில் ரத்தத்தில் பாதியாகிவிடும். போதாததற்கு, பால், முட்டை போன்ற புரதம் நிறைந்த உணவு குடலில் அதோடு போட்டிபோடும். புரதம் செரித்து வரும் அமினோ அமிலங்கள் நுழையும் அதே வாசலில்தான் இந்த மருந்தும் நுழைய வேண்டும். நான் காலையில் ஒரு பெரிய டம்ளர் பாலோடு மாத்திரையை விழுங்கிக்கொண்டிருந்தேன்! மருந்துக் குறை என்று நினைத்தது பாதி என் பழக்கத்தின் குறை.

மாத்திரையைச் சாப்பாட்டுக்கு முக்கால் மணி நேரம் முன்னால், வெறும் தண்ணீரோடு போடத் தொடங்கினேன். இரும்புச் சத்து மாத்திரையை இரண்டு மணி நேரம் தள்ளிவைத்தேன், ஏனென்றால் இரும்பு லெவோடோபாவைப் பிடித்து வைத்துக்கொள்ளும். மூன்று வேளையை மருத்துவர் நான்கு வேளையாகப் பிரித்தார். மொத்த அளவு கொஞ்சம்தான் கூடியது. பத்து நாளில் காலை நடுக்கம் பாதியாகிவிட்டது. புதிய மருந்து ஒன்றுகூடச் சேரவில்லை. இவ்வளவு தூரம் விவரமாகச் சொல்வதற்குக் காரணம், தாடைக்குத் தனி மருந்து கேட்டுப் போகிறவர்கள் பலர் இந்தப் படியைத் தாண்டிப் போய்விடுகிறார்கள் என்பதுதான்.

அப்புறம் நடந்ததை நினைத்தால் இன்னும் கோபம் வருகிறது. ஒரு நாள் வயிறு கெட்டு வாந்தி. அவசரத்துக்குப் பக்கத்தில் இருந்த ஒரு மருத்துவரிடம் போனோம். எனக்குப் பார்க்கின்சன் என்று சொன்னோம், அவர் குறித்தும் கொண்டார். இருந்தும் வாந்திக்கு மெட்டோகுளோப்ரமைடு எழுதிக் கொடுத்துவிட்டார். வாந்தி நின்றது. இரண்டாம் நாள் தாடை காலையிலிருந்து இரவு வரை ஓயாமல் அடித்தது. மூன்றாம் நாள் நாற்காலியிலிருந்து எழுந்திருக்க என் கணவர் இரண்டு கையையும் பிடித்துத் தூக்க வேண்டியிருந்தது. நரம்பியல் மருத்துவருக்கு ஃபோன் செய்ததும் அவர் கேட்ட முதல் கேள்வி, "புதுசா என்ன மாத்திரை போட்டீங்க?" அந்த மருந்து மூளையில், அசைவுகளைச் சீராக்கும் டோபமின் என்ற பொருள் வேலை செய்யும் இடத்தையே அடைத்துவிடும். நமக்கோ ஏற்கெனவே அந்த டோபமின்தான் குறைச்சல். நிறுத்திய பிறகு பழைய நிலைக்குத் திரும்ப ஒரு வாரத்துக்கு மேல் ஆனது. மூளைக்குள் அதிகம் போகாத டோம்பெரிடோன் போன்ற மாற்று இருக்கிறது, அதையும் இதயத் துடிப்பைப் பார்த்துத்தான் கொடுப்பார்கள். இப்போது என் பர்ஸில் ஒரு அட்டை இருக்கிறது. "எனக்குப் பார்க்கின்சன் நோய். மெட்டோகுளோப்ரமைடு, புரோகுளோர்பெரசின், ஹாலோபெரிடால் கொடுக்க வேண்டாம்." என் மகள் அச்சடித்துக் கொடுத்தது. இதைப் படிக்கும் ஒவ்வொருவரும் இன்றைக்கே அப்படி ஒன்று எழுதி வைத்துக்கொள்ளுங்கள் என்று கெஞ்சிக் கேட்கிறேன்.

மாலை நடுக்கம் மட்டும் அடங்கவில்லை. டிரைஹெக்சிஃபெனிடில் சின்ன அளவில் சேர்த்தார் மருத்துவர். நடுக்கத்துக்கு வெகுகாலமாகக் கொடுத்துவரும் மருந்து அது. தாடை கொஞ்சம் அடங்கியது உண்மை. ஆனால் வாய் வறண்டு நாக்கு ஒட்டிக்கொண்டது, மலச்சிக்கல் வந்தது. ஒரு நாள் கணவரிடம் ஒரே கேள்வியை அரை மணி நேரத்தில் மூன்று தடவை கேட்டேனாம். எனக்கு அது நினைவே இல்லை. அவர் மறைக்காமல் அதை நோட்டில் எழுதிவைத்தார். வயதானவர்களுக்கு இந்த மருந்து ஞாபகத்தைக் கெடுக்கும், குழப்பத்தை உண்டாக்கும் என்பதால் 64 வயதில் எனக்கு வேண்டாம் என்று மருத்துவர் படிப்படியாகக் குறைத்து நிறுத்தினார். சட்டென்று நிறுத்தக் கூடாது என்பதை அழுத்திச் சொன்னார். லெவோடோபாவுக்கும் அதே விதி; திடீரென்று விட்டால் கடும் காய்ச்சலும் உடல் விறைப்புமாக உயிருக்கே ஆபத்தாகலாம்.

பதற்றம் வரும்போது மட்டும் கூடும் நடுக்கத்துக்குப் புரோப்ரனோலால் சிலருக்குக் கொடுப்பார்கள். எனக்கு ஆஸ்துமா இருப்பதால் அந்தப் பேச்சே எழவில்லை. குளோனசெபாம் தூக்கத்தையும் தள்ளாட்டத்தையும் தரும் என்பதால் நானே வேண்டாம் என்றேன். விழுந்தால் இடுப்பு எலும்பு, அப்புறம் தாடையைப் பற்றி யார் கவலைப்படப் போகிறார்கள்?

கடைசியில் எனக்குக் கைகொடுத்தது போட்டுலினம் டாக்சின் ஊசி. பெயரைக் கேட்டதும் பயந்தேன், முகச் சுருக்கத்துக்குப் போடுவார்களே அதேதான். நரம்பு தசைக்கு அனுப்பும் அசெட்டைல்கோலின் என்ற சமிக்ஞையை அது கொஞ்ச காலத்துக்குத் தடுத்துவைக்கும். தாடையை மேலே தூக்கும் பெரிய தசை கன்னத்தின் பின்பக்கம் இருக்கிறது. மருத்துவர் இரண்டு கன்னத்திலும் விரல்களை வைத்து, "பல்லை நல்லாக் கடிங்க, விடுங்க, மறுபடி கடிங்க" என்றார். கடிக்கும்போது விரலுக்கடியில் ஒரு கட்டி எழும்புவது எனக்கே தெரிந்தது. பேனாவால் இரண்டு பக்கமும் புள்ளி வைத்தார். ஊசி மெல்லியது, ஒவ்வொரு குத்தும் எறும்புக் கடி அளவுதான். பத்து நிமிடத்தில் முடிந்தது. ஊசி போடுவதற்கு முன் தண்ணீர் குடிக்கச் சொல்லி விழுங்குவதைக் கவனித்தார். புரையேறும் பழக்கம் இருந்தால், தசைகளைப் பலவீனப்படுத்தும் மயஸ்தீனியா போன்ற நோய் இருந்தால் இதைப் பற்றி இரண்டு தடவை யோசிக்க வேண்டும் என்றார்.

முதல் வாரம் ஒன்றும் தெரியவில்லை. ஏமாந்துவிட்டோம் என்றே நினைத்தேன். பதினோராம் நாள் மாலை சோபாவில் உட்கார்ந்து படித்துக்கொண்டிருந்தேன். ஏதோ குறைகிறதே என்று தோன்றியது. சுவர்க் கடிகாரத்தின் டிக் டிக் கேட்டது. எத்தனையோ மாதமாக அந்த நேரத்தில் நான் கேட்டது என் பல் சத்தத்தை மட்டும்தான். கணவரைக் கூப்பிட்டேன். அவர் வந்து பேசாமல் பக்கத்தில் உட்கார்ந்தார். இரண்டு பேரும் கொஞ்ச நேரம் அந்தக் கடிகாரத்தையே கேட்டுக்கொண்டிருந்தோம்.

நடுக்கம் முழுதாகப் போகவில்லை. மோவாயில் லேசான துடிப்பு இருந்தது, இப்போதும் இருக்கிறது. பல் தட்டுவது நின்றதே எனக்குப் பெரிது. முதல் தடவை மெல்லும்போது கன்னம் சீக்கிரம் களைத்தது. கடினமானதைச் சாப்பிட இரண்டு வாரம் திணறினேன். அதை எழுதிக்கொண்டு போய்க் காட்டினேன், அடுத்த முறை அளவைக் குறைத்தார், சரியாகிவிட்டது. பலன் சுமார் மூன்று மாதம் நிற்கிறது, பிறகு மெல்ல மெல்லத் திரும்புகிறது. அவசரப்பட்டு முன்னதாகப் போடச் சொல்லக் கூடாது. அடிக்கடி போட்டால் உடம்பு அதற்கு எதிர்ப்பு வளர்த்துக்கொண்டு ஊசி வேலை செய்யாமல் போகலாம். இன்னொன்று, ஊசி மருந்தின் அளவைச் சொல்லும் யூனிட் கணக்கு ஒவ்வொரு தயாரிப்புக்கும் வேறு. வேறு மருத்துவரிடம் போகும்போது யூனிட் எண்ணிக்கையை மட்டும் சொல்லாமல் எந்த மருந்து என்ற பெயரையும் சொல்லுங்கள்.

மூளை ஆழத் தூண்டல் அறுவை சிகிச்சை பற்றியும் பேசினோம். 1987ல் பிரான்சின் கிரெனோபிளில் பெனாபிட் என்ற மூளை அறுவை மருத்துவரின் குழுவினர் நடுக்கத்துக்காகத் தொடங்கிய வழி அது. மூளைக்குள் மெல்லிய மின்முனை வைத்து, மார்புத் தோலுக்கடியில் உள்ள கருவியால் இயக்குவார்கள். கைகால் நடுக்கத்துக்கு நன்றாக உதவுகிறது, தாடைக்கும் உதவலாம். ஆனால் சிலருக்குப் பேச்சு குழறும். மாத்திரையும் ஊசியும் எனக்குப் போதுமானதாக இருக்கும்போது தாடைக்காக மட்டும் அதற்குப் போக வேண்டாம் என்று முடிவெடுத்தோம்.

என்னோடு உடற்பயிற்சிக்கு வரும் ஒருவரைப் பற்றிச் சொல்ல வேண்டும். அவருக்கும் வாய் அசைந்துகொண்டே இருக்கும். என்னைப் பார்த்துவிட்டு அவரும் அது நடுக்கம் என்றே நினைத்து, யாரையும் கேட்காமல் லெவோடோபாவைக் கூட்டிப் போட்டிருக்கிறார். இன்னும் மோசமானது. அவருடைய அசைவைக் கவனித்தேன்: தாளமே இல்லை. வாய் ஒரு பக்கம் கோணுகிறது, நாக்கு நீள்கிறது, தோளும் கூட முறுக்குகிறது. அதுவும் மாத்திரை போட்டு ஒரு மணி நேரம் கழித்து, அவர் நன்றாக நடக்கும் நேரத்தில்! "உங்க படத்தையும் எடுத்து டாக்டர்கிட்ட காட்டுங்கண்ணா" என்றேன். மருந்து உச்சத்தில் இருக்கும்போது வரும் தன்னிச்சை அசைவு என்று சொல்லி, ஒரு வேளைக்கான அளவைக் குறைத்து அந்த அசைவை அடக்கும் அமான்டடின் மருந்தைச் சேர்த்தார்களாம். வைத்தியம் நேர் எதிர்.

பல் மருத்துவரிடம் நான் பட்டது தனி. முதலில் போன இடத்தில் "அசையாம இருங்க" என்று திரும்பத் திரும்பச் சொன்னார்கள். சொல்லச் சொல்ல நடுக்கம் கூடியது. உடைந்த பல்லோடு திரும்பி வந்தேன். இப்போது போகும் பல் மருத்துவரிடம் முன்கூட்டியே பேசிவிட்டேன். மாத்திரை போட்டு ஒரு மணி நேரம் கழித்துத்தான் என் முறை. இரண்டு பல் வரிசைக்கும் இடையில் ஒரு ரப்பர் கட்டை வைத்துவிடுவார், தாடை அதில் சாய்ந்து ஓய்வெடுக்கும். நாற்காலியை முழுதாகச் சாய்க்க மாட்டார், தண்ணீர் தொண்டைக்குள் போகாமல் இருக்க. ஐந்து நிமிடத்துக்கு ஒரு இடைவெளி. மரத்துப்போகும் ஊசிக்கு முன் எல்லா மாத்திரைப் பெயரையும் கேட்டுக்கொள்வார். ரசாகிலின், செலிகிலின் என்ற பார்க்கின்சன் மாத்திரைகளை எடுப்பவர்கள் இதை மறக்காமல் சொல்ல வேண்டும்.

வெளியே போகும்போது சர்க்கரையில்லாத சூயிங்கம் வைத்துக்கொள்கிறேன். மெல்லும்போது நடுக்கம் இல்லை, எச்சிலும் ஒழுங்காக இறங்குகிறது. விழுங்குவதில் சிரமம் உள்ளவர்கள் பேச்சுப் பயிற்சியாளரைக் கேட்காமல் இதைச் செய்ய வேண்டாம். கூட்டத்தில் உட்கார்ந்தால் விரல் நுனியை மோவாயில் லேசாக வைத்துக்கொள்வேன், யோசிப்பவரைப் போல. சில நேரம் அந்தத் தொடுதலிலேயே துடிப்பு அடங்கும். முன்பெல்லாம் யாராவது உற்றுப் பார்த்தால் முகத்தைத் திருப்பிக்கொள்வேன். இப்போது நானே சொல்லிவிடுகிறேன்: "எனக்குப் பார்க்கின்சன், தாடை தானா ஆடும், குளிரில்லை." சொன்ன மறுநொடி மனப் பதற்றம் இறங்குகிறது. மனம் இறங்கினால் தாடையும் இறங்குகிறது.

அடுத்த ஊசிக்கு இன்னும் மூன்று வாரம் இருக்கிறது. நோட்டில் நேற்றைய பதிவு: மாலை மாத்திரை 4 மணி, தட்டல் ஆரம்பம் 7:20, லேசாக, இடது பக்கம் அதிகம். இடது பக்கம் என்பது புதிது. கணவர் எடுத்த படமும் இருக்கிறது. இந்த முறை அந்தப் பக்கத்துக்குக் கொஞ்சம் கூடுதலாகப் போட முடியுமா என்று மருத்துவரைக் கேட்க வேண்டும்.